மைதானத்தில் பிள்ளை விழுந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: "களுவாஞ்சிக்குடிப் பக்கம் எங்கள் விளையாட்டுக் கழகத்தில் 8 வயது முதல் 16 வயது வரையான பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் உதைபந்தாட்டப் பயிற்சி கொடுக்கிறோம். அண்மையில் ஒரு பிள்ளை விழுந்து மணிக்கட்டு முறிந்தது. யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, யார் தாய்க்குச் சொல்வது என்று தெரியாமல் எல்லோரும் நின்றுவிட்டோம். இனி இப்படி நடந்தால் யார் பொறுப்பு? காயம் பட்ட இடத்திலேயே என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?"

தம்பி, முதலில் பொறுப்பைப் பற்றிப் பேசுவோம். அது ஒழுங்காக இருந்தால்தான் முதலுதவி பற்றி நான் சொல்லப்போகிற மிச்சம் எல்லாம் உங்களுக்கு உதவும். கிழக்கில் அவசர சிகிச்சைப் பிரிவில் நீண்டகாலம் தாதிய உத்தியோகத்தராக இருந்தவன் நான். பின்னேரங்களில் பிள்ளைகளின் அணிகளோடும் நிற்கிறேன். ஆகவே அடிபடும் இடத்தையும் தெரியும், அடிபட்ட பிள்ளை வந்து சேரும் இடத்தையும் தெரியும்.

அன்று உங்கள் மைதானத்தில் பெரியவர்கள் பலர் நின்றிருப்பார்கள். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நின்றிருப்பார்கள். இதற்கு ஒரே வழி, பந்து உருளும் முன்பே ஒருவரின் பெயரைச் சொல்லி வைப்பது. "இன்றைக்குக் காயம் பார்ப்பது இன்னார்" என்று. அவர் பயிற்றுவிப்பாளராக இருக்கக் கூடாது. பயிற்றுவிப்பாளரின் கண் பந்தில் இருக்கும், மனம் வெற்றியில் இருக்கும். அது குற்றமில்லை, அவருடைய வேலை அதுதான். காயம் பார்ப்பவர் ஒரு தாயாக இருக்கலாம், முன்னாள் வீரராக இருக்கலாம், ஏ.எல். முடித்துவிட்டு நிற்கும் ஒரு அக்காவாகவும் இருக்கலாம். இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸ் அமைப்பும் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. கழகத்திலிருந்து இரண்டு பேரை அனுப்புங்கள். இருவரில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. பெண் பிள்ளைகளும் இப்போது விளையாட வருகிறார்கள், அவர்களுக்கு அடிபட்டால் பக்கத்தில் ஒரு பெண் இருக்க வேண்டும்.

அந்த ஆளுக்கு ஒரு அதிகாரத்தையும் கொடுத்துவிடுங்கள்: அவர் "வெளியே" என்றால் பிள்ளை வெளியேதான். பயிற்றுவிப்பாளரும் தகப்பனும் கழகத் தலைவரும் அதை மாற்ற முடியாது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிள்ளைகள் நோவை மறைப்பார்கள். இடம் போய்விடும் என்ற பயம், கூட்டாளிகள் முன் வெட்கம். "ஒண்டுமில்ல சேர், எனக்கு ஏலும்" என்று சொல்லிக்கொண்டே நொண்டுவார்கள். 12 வயதுப் பிள்ளையிடம் "விளையாட ஏலுமா?" என்று கேட்டு முடிவெடுப்பது, நம் முடிவை அந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது. ஞாபகார்த்தக் கிண்ணப் போட்டிகளில் இது இன்னும் மோசம். ஊரே எல்லைக்கோட்டில் நின்று கத்தும்போது எந்தப் பிள்ளை வெளியே வரும்?

மத்தியஸ்தருக்கும் பங்கு இருக்கிறது. கடுமையான காயம் என்று அவருக்குப் பட்டால் ஆட்டத்தை நிறுத்தி வீரரை மைதானத்திலிருந்து அகற்றுவிக்க வேண்டும் என்று உதைபந்தாட்ட விதி 5 சொல்கிறது. இரத்தம் வடிந்தால் வீரர் வெளியே போக வேண்டும், வடிவது நின்றதை மத்தியஸ்தர் உறுதி செய்த பின்தான் திரும்பலாம். விதி 4 இன்படி முன்கால் காப்பு, அதாவது ஷின்கார்ட், கட்டாயம். மோதிரம், தோடு, கைநூல், சங்கிலி எதுவும் கூடாது, அதற்கு மேலே பிளாஸ்டர் ஒட்டி மறைத்தாலும் கூடாது. கோயில் நூல், தாயத்து என்றால் பெற்றோருக்கு மனம் கஷ்டப்படும். ஆட்டம் முடியும் வரை கழற்றித் தாயின் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்கள்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். விளையாட்டில் அடிபடுவது சகஜம், அதற்காக மட்டும் யாரும் குற்றவாளி ஆவதில்லை. ஆனால் பிள்ளைகளைப் பொறுப்பெடுத்தவர் நியாயமான கவனம் எடுக்க வேண்டும், கவனயீனத்தால் சேதம் வந்தால் பதில் சொல்ல வேண்டும் என்பது நம் நாட்டின் ரோமன் டச்சுச் சட்ட வழியில் வந்த கொள்கை. கழன்று ஆடும் கோல் கம்பம், மின்னலில் நடத்திய ஆட்டம், தலையில் அடிபட்ட பிள்ளையைத் திரும்ப இறக்கியது எல்லாம் அந்தக் கணக்கில் வரும். சில கழகங்கள் "எது நடந்தாலும் கழகம் பொறுப்பல்ல" என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கின்றன. அந்தக் கடதாசி கவனயீனத்தைக் கழுவிவிடாது. அதைவிட, என்ன ஆபத்து இருக்கிறது, நாங்கள் என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்துச் சம்மதம் வாங்குங்கள். பாடசாலை அணி என்றால் அதிபரும் பொறுப்பாசிரியரும் பதில் சொல்ல வேண்டியவர்கள், வெளியூர்ப் பயணத்துக்கு முறையான அனுமதியும் எடுக்க வேண்டும். கழகம் என்றால் நிர்வாகக் குழு. பிரதேச செயலகத்திலுள்ள விளையாட்டு உத்தியோகத்தரிடம் கழகப் பதிவு சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு கொப்பி வாங்குங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம்: பெயர், பிறந்த திகதி, தொலைபேசி இலக்கம் இரண்டு (ஒன்று எடுபடாவிட்டால் மற்றது), முட்டு வருத்தம் (ஆஸ்துமா), வலிப்பு, இருதய நோய், ஒவ்வாமை, குடிக்கும் மருந்து. இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள்: "ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறானா? குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா?" ஏதாவது ஒன்றுக்கு "ஓம்" என்றால், இருதயத்தைப் பரிசோதித்து வைத்தியர் சரி சொல்லும்வரை அந்தப் பிள்ளை ஓடக் கூடாது. முட்டு உள்ள பிள்ளையின் பம் (இன்ஹேலர்) முதலுதவிப் பையில் இருக்க வேண்டும், வீட்டு அலுமாரியில் அல்ல.

அம்புலன்ஸ் விஷயம். சுவசெரிய சேவையின் இலக்கம் 1990, இலவசம். கூப்பிடும்போது பதற்றத்தில் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவோம். எந்தப் பிரதான வீதி, எந்தக் கோயிலுக்கு அல்லது பள்ளிவாசலுக்குப் பக்கத்து ஒழுங்கை, மைதானத்தின் எந்தப் பக்க வாசல் என்று ஒரு அட்டையில் எழுதிப் பையில் வைத்துவிடுங்கள். யார் கையில் போன் இருந்தாலும் வாசித்துச் சொல்லலாம். இன்னொன்று, பாடசாலை மைதானம் என்றால் பின்னேரம் பெரிய கேற் பூட்டியிருக்கும். பிள்ளைகள் சின்ன வாசலால் நுழைந்து விளையாடுவார்கள். அம்புலன்ஸ் வந்து கேற்றுக்கு வெளியே நிற்கும், காவலாளி சாப்பிடப் போயிருப்பார். திறப்பு யாரிடம் என்பதைப் பயிற்சி தொடங்கும் முன்பே கேட்டு வையுங்கள்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை ஊர்களுக்கு இது இன்னும் முக்கியம். மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு நல்ல விடிவு. ஆனால் வாவியைத் தாண்டித்தான் பெரிய ஆஸ்பத்திரி என்ற நிலை பல ஊர்களுக்கு மாறவில்லை. எந்தக் காயத்துக்கு எங்கே போவது என்று முன்பே பேசிவையுங்கள். உங்களுக்குக் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலை கிட்ட. தெற்கே கல்முனையில் இரண்டு, அதற்கு அப்பால் அக்கரைப்பற்று, திருக்கோவில். வடக்கே ஏறாவூர், வாழைச்சேனை. தலையில் பலத்த அடி என்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு மாற்ற நேரிடலாம். அந்த முடிவை அம்புலன்ஸில் வருபவர்களும் வைத்தியர்களும் எடுப்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது தாமதிக்காமல் கிட்டவுள்ள இடத்தில் சேர்ப்பது.

இப்போது காயங்களுக்கு வருவோம். உயிர் போகக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன்.

யாரும் தொடாமல், யாரோடும் மோதாமல் ஒரு பிள்ளை திடீரென்று சரிந்து விழுந்து, கூப்பிட்டும் தட்டியும் எழும்பாவிட்டால், இருதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கைகால் கொஞ்சம் இழுக்கலாம், வலிப்பு என்று நினைத்துவிடுவோம். வாயைத் திறந்து இடையிடையே மூச்சு இழுக்கலாம், மூச்சு இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். அது மூச்சல்ல. ஒருவர் 1990க்கு அடிக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து அழுத்தத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்ரிமீற்றர் ஆழம், ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும். சின்னப் பிள்ளைக்கு ஒரு கையே போதும், ஆழம் நெஞ்சின் மூன்றிலொரு பங்கு. செயற்கைச் சுவாசம் பழகியிருந்தால் 30 அழுத்தலுக்கு 2 மூச்சு. பழகாவிட்டால் அழுத்திக்கொண்டே இருங்கள். களைத்தால் ஆள் மாறுங்கள், அழுத்துவது நிற்கக் கூடாது. 2003 ஜூனில் கமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ ஆட்டத்தின் நடுவில் விழுந்தவர் பிழைக்கவில்லை. 2021 ஜூன் 12ஆம் திகதி டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் கொப்பன்ஹேகனில் அதேபோல் விழுந்தார். மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்வு கொடுத்து அவரை மீட்டார்கள், பிறகு தொழில்முறை ஆட்டத்துக்கே திரும்பினார். நம் ஊர் மைதானத்தில் மின்னதிர்வுக் கருவி இருக்காது. ஆனால் அழுத்தத் தெரிந்த இரண்டு கைகள் இருக்கலாம். உங்கள் கழகத்தில் 14 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இதைப் பழக்குங்கள். அவர்களுக்கு இது விளையாட்டுப்போலவே இருக்கும், விரைவில் பிடித்துக்கொள்வார்கள்.

உண்மையான வலிப்பு என்றால் கையில் சாவிக்கொத்து, இரும்பு எதுவும் திணிக்க வேண்டாம். வாய்க்குள் விரலோ கரண்டியோ விட வேண்டாம். சுற்றியிருப்பதை அகற்றி, வலிப்பு நின்றதும் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவிடுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால், அல்லது பிள்ளைக்கு முன்பு வலிப்பே வந்ததில்லை என்றால், உடனே 1990.

அடுத்தது தலை. என்னைப் பொறுத்தவரை பிள்ளைகளின் உதைபந்தாட்டத்தில் நாம் அதிகம் பிழை விடும் இடம் இதுதான். இரண்டு பேர் தலையோடு தலை முட்டுவார்கள், அல்லது கோல் காப்பாளர் கம்பத்தில் மோதுவார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்புவார். முகத்தில் தண்ணீர் தெளித்து, "நினைவு இருக்குத்தானே" என்று சொல்லித் திரும்ப விடுவோம். மூளை அதிர்ச்சியில் பெரும்பாலும் நினைவு தப்புவதே இல்லை. பார்க்க வேண்டியது வேறு: வெறித்த பார்வை, தடுமாறும் நடை, கேட்ட கேள்விக்குப் பிந்தி வரும் பதில், எந்தப் பக்கம் கோல் அடிக்கிறோம் என்ற குழப்பம், தலையிடி, தலைச்சுற்று, வெளிச்சம் கூசுவது, காரணமில்லாத அழுகை. பெரிய பிள்ளை என்றால் பக்கத்தில் குந்தியிருந்து மெதுவாகக் கேளுங்கள்: "இப்ப எந்த மைதானத்தில நிக்கிறம்? கடைசிக் கோல் அடிச்சது யார்? போன கிழமை யாரோட விளையாடினம்?" ஒன்றில் பிழைத்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. எல்லாம் சரியாகச் சொன்னாலும், பார்க்க ஒரு மாதிரி இருந்தால் அப்போதும் முடிந்தது. சந்தேகம் வந்தாலே வெளியே. அரை மணித்தியாலம் கழித்து "இப்போது சரி" என்றாலும் திரும்ப விடக் கூடாது. மூளை ஆறும் முன் இரண்டாவது அடி பட்டால், அபூர்வமாக என்றாலும், உயிருக்கே ஆபத்தான வீக்கம் வரலாம்.

திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, வலிப்பு, இரட்டையாகத் தெரிவது, கைகால் விறைப்பு அல்லது பலவீனம், எழுப்ப முடியாத தூக்கம், காதாலோ மூக்காலோ தண்ணீர்போல வடிவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அவசரம், 1990. சில பிள்ளைகள் முதலில் தெளிவாக இருந்து, சில மணித்தியாலம் கழித்து மண்டைக்குள் இரத்தக் கசிவால் மோசமாவார்கள். ஆகவே தலையில் அடிபட்ட பிள்ளையைச் சைக்கிளில் தனியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கையோடு கொண்டுபோய்த் தாயிடமோ தகப்பனிடமோ ஒப்படைத்து, என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்லி, முடிந்தால் எழுதியும் கொடுங்கள். தூங்க விடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். இந்த அறிகுறிகள் இல்லாமல், வைத்தியரும் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் தூங்கலாம். முதல் இரவு யாராவது பக்கத்தில் படுத்து, இடையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்போது திரும்ப விளையாடலாம்? பிரித்தானிய அரசு 2023இல் ஊர்மட்ட விளையாட்டுக்களுக்காக வெளியிட்ட வழிகாட்டல் நமக்கு நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் அது பக்கத்தில் வைத்தியர் இல்லாத கழகங்களை நினைத்து எழுதியது. முதல் 24 முதல் 48 மணித்தியாலம் ஓய்வு, போனும் குறைவு. பிறகு படிப்படியாகப் படிப்பு, நடை, இலேசான ஓட்டம். அறிகுறி எதுவும் இல்லாமல் 14 நாள் ஆன பிறகுதான் மோதக்கூடிய பயிற்சி. போட்டி 21 நாளுக்கு முன் இல்லை. பாடசாலைக்குத் திரும்புவது முதலில், மைதானத்துக்குத் திரும்புவது அதற்குப் பிறகு.

சுற்றுப்போட்டி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். மூளை அதிர்ச்சிச் சந்தேகத்துக்கென்று மேலதிகமாக ஒரு மாற்று வீரரை அனுமதிக்கும் ஏற்பாடு 2024 முதல் உதைபந்தாட்ட விதிகளில் இடம்பெற்றிருக்கிறது. போட்டி நடத்துபவர் விரும்பினால் சேர்க்கலாம். உங்கள் போட்டி விதியில் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். ஆள் குறையும் என்ற பயத்தில் அடிபட்ட பிள்ளையை உள்ளே வைத்திருக்கும் காரணம் அதோடு போய்விடும். சின்னப் பிள்ளைகள் தலையால் பந்து அடிப்பதையும் குறையுங்கள். அமெரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம் 2015இல் 10 வயது வரை அதைத் தடுத்தது. இங்கிலாந்துச் சங்கம் 2020இல் ஆரம்பப் பாடசாலை வயதினரின் பயிற்சியிலிருந்து அதை எடுத்துவிட்டது. தலையால் அடிக்கும் கலையை 12, 13 வயதில் இலேசான பந்தோடு பழகினாலும் பிந்திப்போகாது.

கழுத்து நோகிறது என்றாலோ, கைகால் விறைக்கிறது என்றாலோ தூக்க வேண்டாம். நம் பழக்கம் நாலு பேர் கைகாலைப் பிடித்துத் தூக்கிப் பக்கத்தில் கிடத்துவது. அப்படியே கிடக்க விட்டு, ஒருவர் இரண்டு பக்கமும் தலையை அசையாமல் பிடித்தபடி அம்புலன்ஸ் வரும்வரை பேசிக்கொண்டிருக்க வேண்டும். போட்டி நிற்கட்டும்.

எலும்பு முறிவில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பிள்ளைகளின் எலும்பு நுனிக்குக் கிட்ட வளர்ச்சித் தட்டு என்று ஒரு மென்மையான பகுதி இருக்கிறது. எலும்பு நீளமாவது அங்கிருந்துதான். பெரியவருக்கு எலும்புகளைப் பிணைக்கும் இணையம் (லிகமென்ட்) கிழியும் இடத்தில் பிள்ளைக்கு இந்தத் தட்டுதான் முதலில் பிளக்கும். வெளியே பார்க்கச் சுளுக்குப் போலத்தான் இருக்கும். அதைச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவினால், இழுத்து நிமிர்த்தினால், அந்தக் கை அல்லது கால் கோணலாகவோ கட்டையாகவோ வளரலாம். முறிவு நெரிவு வைத்தியர்கள் மீது நம் ஊரில் இருக்கும் நம்பிக்கை எனக்குத் தெரியும், அதை இழிவாகப் பேச நான் வரவில்லை. வளரும் பிள்ளைக்கு எக்ஸ்ரே எடுக்கும் முன் யாரும் உருவக் கூடாது, யாரும் இழுக்கக் கூடாது. இது மட்டும் என் வேண்டுகோள். தொடைத் தசையில் பலமாக உதை பட்டாலும் அப்படித்தான். உருவ உருவ உள்ளே இரத்தம் கூடும், சிலருக்குத் தசைக்குள்ளேயே எலும்பு படிந்துவிடும், மாதக்கணக்கில் மடக்க முடியாது.

முறிந்த கையைக் கண்ட கோணத்திலேயே வையுங்கள். ஒரு தடித்த மட்டையோ மடித்த சஞ்சிகையோ கீழே வைத்து, மேலும் கீழும் துணியால் இலேசாகக் கட்டி, துவாயால் கழுத்தில் தொங்கவிடுங்கள். மோதிரம், கைக்கயிறு எல்லாவற்றையும் வீங்கும் முன் கழற்றுங்கள். அப்புறம், நாம் பாசத்தில் செய்யும் ஒரு வேலை இருக்கிறது: அழும் பிள்ளைக்குச் சோடா, பிஸ்கட், பால்தேநீர் கொடுப்பது. எலும்பைப் பொருத்த மயக்கமருந்து தேவைப்பட்டால் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். அந்த ஒரு பிஸ்கட்டால் சிகிச்சை பல மணித்தியாலம் பிந்தும், அவ்வளவு நேரமும் பிள்ளை நோவோடு கிடக்கும். ஒன்றும் கொடுக்காமல் கொண்டுபோங்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று கேட்டு வைத்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கணுக்கால் பிசகினால்? நாலு அடி நடக்க முடியவில்லை, அல்லது கணுவின் எலும்பைத் தொட்டால் துடிக்கிறான் என்றால் எக்ஸ்ரே. இல்லையென்றால் ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், இழுபடும் பட்டி, காலை உயர்த்தி வைத்தல். ஐஸை நேரே தோலில் வைத்தால் தோல் எரியும். மீன்கடை ஐஸ் போதும், பொலித்தீன் பையில் கட்டிக் கொள்ளலாம். சூடான ஒத்தடமும் காரமான தைலமும் முதல் இரண்டு நாளுக்கு வேண்டாம். நோவை மறைக்க மாத்திரை கொடுத்து, ஸ்பிரே அடித்து இறக்குவது பிள்ளைகள் ஆட்டத்தில் கூடவே கூடாது. காய்ச்சல் உள்ள பிள்ளையை இறக்கவே வேண்டாம். வைரஸ் காய்ச்சலில் இருதயத் தசை அழற்சி அடையலாம். டெங்கு உள்ள நம் பகுதியில், காய்ச்சலோடு நோவுக்கு இபுபுரோஃபென், டைக்குளோஃபெனக் கொடுப்பது இரத்தப்போக்கை வருவிக்கலாம்.

இரண்டு காயங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒன்று, பல். நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால் அதைத் தேடி எடுங்கள். வேரைத் தொடாமல் மேல்பகுதியில் பிடித்து, மண் இருந்தால் சில விநாடி மட்டும் கழுவி, திரும்பக் குழியில் வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டுக் கொண்டு ஓடுங்கள். மைதானத்துக்குப் பக்கத்துக் கடையில் பால் பக்கற் கிடைக்கும். முதல் அரை மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு. பாற்பல்லைத் திரும்ப வைக்க வேண்டாம்.

மற்றது, ஆண் பிள்ளைகளின் விதைப்பை. பந்து பட்டால் சுருண்டு விழுவார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், சில நிமிடத்தில் சரியாகிவிடும். சரியாகாவிட்டால், நோ குறையாமல் வீங்கினால், சத்தி வந்தால், விதை முறுகியிருக்கலாம். அடியே படாமலும் இது வரும். சுமார் 6 மணித்தியாலத்துக்குள் அறுவைச் சிகிச்சை நடந்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். பிள்ளை வெட்கத்தில் இரவு முழுக்கச் சொல்லாமல் கிடந்து காலையில் தாயிடம் சொன்னால் விதை போய்விடும். ஆகவே இதை வெட்கமில்லாமல் முன்பே சொல்லிவையுங்கள்: "அங்க நோ ஒரு மணித்தியாலத்தில குறையல்லையெண்டா, எத்தனை மணியெண்டாலும் எனக்குப் போன் எடு." வயிற்றில் உதை பட்ட பிள்ளை வெளிறி, வியர்த்து, இடது தோளில் நோகிறது என்று சொன்னாலும் அப்படித்தான் அவசரம். மண்ணீரல் கிழிந்திருக்கலாம்.

காயம் வராமல் பார்ப்பதற்கு மைதானத்தில் முதலில் பார்க்க வேண்டியது கோல் கம்பம். வெல்டிங் கடையில் இரும்புப் பைப்பில் செய்த தூக்கி வைக்கும் கோல்கள் நம் கழகங்களில் ஏராளம். பிள்ளைகள் மேல் பைப்பில் தொங்குவார்கள், கோல் முன்னால் கவிழும், பைப் தலையிலோ நெஞ்சிலோ விழும். உலகில் பல நாடுகளில் பிள்ளைகள் இப்படி இறந்திருக்கிறார்கள். நகரும் கோல் உட்பட எந்தக் கோலும் நிலத்தோடு உறுதியாகப் பொருத்தியிருக்க வேண்டும் என்று விதி 1 சொல்கிறது. பின் பைப்பில் மண் மூட்டை போடுங்கள், அல்லது முளை அடியுங்கள். பயிற்சி முடிந்தபின் முகம் குப்புறக் கவிழ்த்துச் சங்கிலியால் கட்டுங்கள். பிறகு பிள்ளைகளை வரிசையாக நடக்கவிட்டு போத்தல் துண்டு, நெருஞ்சி முள், கம்பி பொறுக்கச் சொல்லுங்கள். மாடு மேயும் மைதானம் என்றால் கீறலும் கவனிக்க வேண்டியதுதான். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஏற்பு (டெட்டனஸ்) ஊசி எப்போது போட்டது என்று கேளுங்கள். 7ஆம் தரத்தில் பாடசாலையில் போட்டிருப்பார்கள், தவறவிட்ட பிள்ளைகளும் இருப்பார்கள்.

கச்சான் காற்று அடிக்கும் மே முதல் ஓகஸ்ட் வரை 3 மணிக்குப் பயிற்சி தொடங்க வேண்டாம், நாலரைக்குப் பிறகு தொடங்குங்கள். 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க நிறுத்துங்கள். தாகம் என்று பிள்ளை சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். நோன்பு காலத்தில் ஏறாவூர், காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கப் பிள்ளைகளுக்குக் கடும் பயிற்சியை இரவுக்கு மாற்றுவது நல்லது. வெயிலில் குழம்பிப் பேசும், தள்ளாடும் பிள்ளை வெப்பத்தாக்கில் இருக்கிறது. நிழலுக்குக் கொண்டுபோய், மேற்சட்டையைக் கழற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். குளிரவைப்பதை அம்புலன்ஸ் வரும்வரை தள்ளிப்போடக் கூடாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி வரும். இடிச்சத்தம் கேட்டால் ஆட்டம் நிற்க வேண்டும், மரத்தடியிலோ திறந்த கொட்டிலிலோ ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போக வேண்டும், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே திரும்ப வேண்டும். இறுதிப்போட்டி என்றாலும் இதில் பேரம் பேச இடமில்லை.

7 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்காக ஃபிஃபா வைத்திருக்கும் "11+ கிட்ஸ்" என்ற உடற்சூடேற்றல் பயிற்சியைத் தேடிப் பாருங்கள். ஒற்றைக் காலில் நிற்பது, பாய்ந்து சரியாகத் தரையிறங்குவது, விழும்போது உருள்வது என்று 15, 20 நிமிடம். நான்கு ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. காசு செலவில்லாத, கருவி தேவையில்லாத ஒன்று. பூப்படையும் வயதுப் பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் இணையம் கிழிவது அதிகம், அவர்களுக்கு இந்தத் தரையிறங்கும் பயிற்சி மிக அவசியம். விழும்போது கையை நீட்டி ஊன்றாமல் உருளப் பழகினால் மணிக்கட்டு முறிவும் குறையும்.

கடைசியாக, உங்கள் கழகத்தில் கை முறிந்த அந்தப் பிள்ளை. இன்னும் போகவில்லை என்றால் நிர்வாகத்திலிருந்து இருவர் வீட்டுக்குப் போங்கள். நடந்ததை மறைக்காமல் தாய்க்குச் சொல்லுங்கள், அன்று எழுதாமல் விட்ட விபத்துக் குறிப்பைத் திகதி, நேரம், பார்த்தவர் பெயரோடு இப்போதாவது எழுதுங்கள். பாடசாலை மாணவன் என்பதால் சுரக்ஷா மாணவர் காப்புறுதியில் கோர முடியுமா என்று அதிபர் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள், வைத்தியசாலைத் துண்டுகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கையில் மாக்கட்டுப் போட்டிருக்கும் வரை விரல்கள் நீலமானால், விறைத்தால், நோ கூடிக்கொண்டே போனால் கிளினிக் திகதி வரும்வரை காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாக்கட்டு எடுத்த அன்றே பந்தடிக்க வந்து நிற்பான். அவனுக்கு இன்னும் சில வாரம் மோதல் இல்லாத பயிற்சிதான், வைத்தியர் சரி சொன்ன பிறகுதான் போட்டி. அதுவரை அவனைப் பயிற்சிக்கு வரச் சொல்லி, தண்ணீர் நேரம் பார்க்கும் பொறுப்பைக் கொடுங்கள்.